கன்டெய்னர் லாரிகளும் தலை தொங்கும் டிரைபாடும்

“இந்த டிரைபாட் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமாண்ணா?” என்று வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இரவில் வண்டி விளக்குகள் சாலையில் கோடு கோடாக விழும் படங்கள் எடுக்கத்தான் அவருக்கும் வேண்டுமாம். நான் வாங்கி இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. எத்தனை கிலோ தாங்கும், மடித்தால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். இதன் பால் ஹெட், அதாவது முக்காலியின் உச்சியில் கேமராவைப் பிடித்துச் சாய்க்க உதவும் உருண்டைத் தலை, தொங்குகிறது.

திருகை முழுக்க இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் கேமராவில் தெரியும் படச் சட்டகம் ஒரு மயிரிழை கீழே இறங்கும். அது பரவாயில்லை, கொஞ்சம் மேலே பார்த்துப் பூட்டினால் சரியாகிவிடும். அதற்கப்புறமும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு நிமிடம் வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. அகலமாகக் காட்டும் 18 எம்எம் லென்ஸில் வைத்தால் தெரியாது. தூரத்தை நெருக்கிக் காட்டும் 85 எம்எம் போட்டால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல், பெயர்ப்பலகை எல்லாம் இழுபட்டுப் போயிருக்கும். கேமராவை நெட்டுவாக்கில் சாய்த்தால் இன்னும் மோசம், எடை முழுவதும் பக்கவாட்டில் இழுக்கிறது.

இதைப் பாராட்டி எழுதியவர்கள் யாரும் இந்தக் குறையைச் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பழைய மகாபலிபுரம் சாலை மாதிரி வண்டிகள் பறக்கும் இடத்தில் ஷட்டரை எட்டு, பத்து விநாடி திறந்து வைத்தால் போதும். அந்த நேரத்துக்குள் இது இறங்குவது படத்தில் தெரியாது. வடசென்னையில் கதையே வேறு.

இங்கே நமக்குக் கிடைப்பது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் விரைவுச்சாலையில் அவை ஊர்ந்துதான் நகரும். ஓடும் விளக்கு விடும் கோட்டின் பளிச்சைத் தீர்மானிப்பது அப்பர்ச்சரும் (லென்ஸின் துவாரம்) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் உணர்திறன்) தான். ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஒரு வண்டியின் கோடு நீளுமே தவிர, வெளிச்சம் கூடாது. ஆனால் வண்டி மெதுவாகப் போனால் அதன் விளக்கு சட்டகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அதிக நேரம் நிற்கிறது. கோடு வெளுத்து, சிவப்பு நிறமே போய்விடும். ஒரே தடத்தில் நாலு லாரி அடுத்தடுத்துப் போனால் வெளிச்சம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். அதனால் எஃப்/8-இல் எடுக்க வேண்டியதை, துவாரம் இன்னும் சிறிதான எஃப்/16-க்கு இறக்க வேண்டியிருக்கிறது. இறக்கினால் வானமும் கட்டடங்களும் இருண்டுபோகும். அவற்றை மீட்க ஷட்டர் நேரத்தைக் கூட்ட வேண்டும். 30 விநாடி போதாமல், நாம் விடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் மோடுக்குப் போய், ஒரு நிமிடம் திறந்து வைக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் இந்த பால் ஹெட்டுக்கு ஆகாத நேரம்.

இன்னொன்று, நம் ஊரில் அந்தி நீடிப்பதில்லை. சூரியன் மறைந்து வானம் ஆழ்ந்த நீலமாக இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அப்புறம் வெறும் கறுப்பு. அந்த நேரத்துக்குள் லாரி வரிசை வர வேண்டும், நடுவில் எவனும் ஹைபீம் அடிக்காமல் இருக்க வேண்டும். போன வாரம் எல்லாம் கூடிவந்தது. மேலே விம்கோ நகர் பக்கம் போகும் மெட்ரோ ஜன்னல் வெளிச்சத்தை ஒரே பட்டையாக இழுத்துக்கொண்டு போனது, கீழே லாரிகளின் பக்கவாட்டு மஞ்சள் விளக்குகள் அடுக்கடுக்காக விழுந்தன, ஓரமாக ஒரு ஆட்டோவின் இன்டிகேட்டர் புள்ளி புள்ளியாகக் கோலம் வைத்ததுபோல் போயிற்று. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் தூண்கள் எல்லாம் கரைந்திருக்கின்றன. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

சர்வீஸுக்குக் கொடுத்துப் பார்த்தேன். உருண்டையைத் துடைத்து, திருகை மாற்றித் தந்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. மறுபடி கேட்டதற்கு “இந்த மாடல் அப்படித்தான் சார்” என்றார்கள். அப்படித்தான் என்றால் பெட்டியில் ஏன் அத்தனை கிலோ போட்டிருக்கிறார்கள்?

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கால்கள் அருமை. கருங்கல் கொட்டியிருக்கும் திருவொற்றியூர் கடலோரத்தில் உப்புக்காற்றில் நிறுத்தியிருக்கிறேன், மழையில் நனைத்திருக்கிறேன். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பேன், அவ்வளவுதான். ஒரு கிளிப் கூடத் தளரவில்லை, எங்கேயும் பூக்கவில்லை. நடுத்தண்டை உயர்த்தாமல் வைத்தால் கடற்காற்றுக்கும் அசையாது. நடுத்தண்டின் அடிக் கொக்கியில் எடைக்காகப் பையை மாட்டும்போது மட்டும் பை தரையைத் தொடட்டும், அந்தரத்தில் ஆடினால் அதுவே கேமராவை ஆட்டும். மூலக்கடை மேம்பாலத்தில் படம் நடுங்கியதற்கு இதைக் குறை சொல்ல மாட்டேன். லாரி ஏறினால் பாலமே அதிர்கிறது, எந்த டிரைபாட் வைத்தாலும் அப்படித்தான். மொட்டை மாடி கிடைத்தால் பாலத்தை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே நீண்ட ஷாட்டுக்குப் பதில் ஐந்தைந்து விநாடியாக, ரிமோட்டைப் பூட்டிவிட்டுத் தொடர்ந்து எடுங்கள். கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை (நீண்ட ஷாட்டில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் நேரம் எடுத்துக்கொண்டு கோடுகளை அறுத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் கட்டடங்களை வைத்துப் படங்களை ஒன்றோடொன்று அலைன் செய்து, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் லைட்டன் மோடில் அடுக்கினால் கோடுகள் சேர்ந்துவிடும். ஆனால் லைட்டன் பின்னணியை வெளிச்சமாக்காது. அதற்கு அந்தியிலேயே அப்பர்ச்சரைத் திறந்து தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக் கலக்க வேண்டும். முடிகிறது, படமும் நன்றாகவே வருகிறது. ஆனால் ஒரு திருகு ஒழுங்காக இறுகியிருந்தால் இந்த வேலையே இல்லை.

தம்பி, எந்த டிரைபாடானாலும் கடைக்கு உங்கள் கேமராவையும் இருப்பதிலேயே கனமான லென்ஸையும் எடுத்துப் போங்கள். நெட்டுவாக்கில் சாய்த்துப் பூட்டி, கேமராத் திரையில் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, தூரத்தில் ஒரு விளக்கைப் பார்த்தபடி ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு நில்லுங்கள். விளக்கு நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதை வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். தலையைக் கழற்றி வேறு மாட்டலாமே என்பீர்கள். மாட்டலாம், வழக்கமான 3/8 அங்குலத் திருகுதான். நானும் இந்த மாதம் அதைத்தான் செய்யப்போகிறேன். கால்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.