கிரிப்டோ கம்பெனிக்கு கரன்ட் அக்கவுண்ட் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் கவனம்

"ஃபார்ம்ல எங்கயும் கிரிப்டோன்னு எழுதாதீங்க தம்பி. சாஃப்ட்வேர்னு போட்டுக்கலாம்."

எங்களுக்கு வங்கிக் கணக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன இடைத்தரகர் முதல் நாளே சொன்னது இது. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதே வேலையை இன்னும் சிலரிடம் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நானும் கல்லூரி நண்பனும் சேர்ந்து கோயம்புத்தூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தோம். வாடிக்கையாளர்களுக்கு கிரிப்டோ வாங்கி விற்றுத் தருவது, பாதுகாத்து வைப்பது, இதுதான் தொழில். கம்பெனியின் பதிவு ஆவணமான மெமோரண்டத்தில், என்ன தொழில் என்று சொல்லும் ஆப்ஜெக்ட் கிளாஸ் பகுதியிலும் ஒளிவுமறைவில்லாமல் அதையே எழுதினோம். பதிவுப் படிவத்தில் தேர்ந்தெடுத்த வங்கியிலிருந்து கேஒய்சிக்கு வந்த அதிகாரி மெமோரண்டத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேனுங்க" என்று போனவர் திரும்பவே இல்லை. அடுத்து மூன்று வங்கிகள் ஏறி இறங்கினோம். ஒரு மேனேஜர், "ரிசர்வ் பேங்கே தடை பண்ணிருக்குதுங்களே" என்றார்.

அது பழைய கதை. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி அப்படியொரு சுற்றறிக்கை விட்டது உண்மை. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தப் பழைய சுற்றறிக்கையைக் காரணம் காட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2021 மே 31 அன்று வங்கிகளுக்கு எழுதியது. கிளைகளில் பலர் மனதில் இன்னும் 2018தான் நிற்கிறது. அதே சமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கணக்கு கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த வங்கியையும் அந்த 2021 கடிதம் கட்டாயப்படுத்தவில்லை. கேஒய்சி, பணமோசடித் தடுப்பு விதிகளின்படி விசாரித்து முடிவெடுக்கலாம். எங்களைப் போன்ற புதுக் கம்பெனிகள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

இதற்கிடையே நாள் ஓடியது. பங்குத் தொகை கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு வந்ததைக் காட்டி, பதிவான 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ என்ற தொழில் தொடக்கப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தினம் 1,000 ரூபாய். கணக்கே இல்லாதவன் எங்கே போய்ப் பணம் போடுவது? 130 நாள் தாண்டியபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் அந்த இடைத்தரகர் அறிமுகமானார். நகரத்தில் நல்ல ஆபீஸ், சுவர் நிறைய சான்றிதழ். 1,20,000 ரூபாய் ஃபீஸ், 70,000 முன்பணம். சந்தேகமான பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டாமா என்று நண்பன் கேட்டான். "அதெல்லாம் பெரிய எக்ஸ்சேஞ்சுக்குத்தான் தம்பி" என்றார். பச்சைப் பொய். 2023 மார்ச் 7 அறிவிப்பின்படி, பிறருக்காக கிரிப்டோ மாற்றித் தருகிறவர், அனுப்புகிறவர், பாதுகாத்து வைப்பவர் எல்லோரும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். சின்னக் கம்பெனி என்று விலக்கு எதுவும் அதில் இல்லை.

ஒன்பதே நாளில் கணக்கு வந்தது. படிவத்தில் தொழில் 'சாஃப்ட்வேர் டெவலப்மென்ட்'. ரெஜிஸ்டர்டு மொபைல் நம்பர் அவருடையது. "ஓடிபிக்காகத்தான், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். இரண்டுக்கும் கீழே எங்கள் கையெழுத்து. பங்குத் தொகையைப் போட்டு, கெடு முடிவதற்குள் தாக்கலும் செய்துவிட்டோம். மீதி ஃபீஸைச் சந்தோஷமாகக் கொடுத்தோம்.

நம்பரை மாற்றித் தாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு சொன்னார். மூன்றாம் மாதம் ஆடிட்டர் ஸ்டேட்மென்ட் கேட்டார். எடுத்துப் பார்த்தால், முகம் தெரியாத ஆட்களிடமிருந்து 49,000, 38,500 என்று வரவு. வந்த ஒரு மணி நேரத்துக்குள் அத்தனையும் வேறெங்கோ போயிருக்கிறது. எஸ்எம்எஸ் எல்லாம் அவருடைய போனுக்கே போனதால் எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் கம்பெனிக் கணக்கை மற்றவர்களின் திருட்டுப் பணம் கடந்துபோகும் வழியாக வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த வாரமே கணக்கு ஃப்ரீஸ். வேறு மாநிலத்தில் பணத்தைப் பறிகொடுத்த ஒருவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் செய்திருக்கிறார். எங்களுடைய 3,40,000 ரூபாய் உள்ளே மாட்டிக்கொண்டது. கிளைக்கு ஓடினோம். மேனேஜர் படிவத்தையும் எங்கள் வெப்சைட் பிரின்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல சாஃப்ட்வேர்னு இருக்குது, அதுல கிரிப்டோன்னு இருக்குது. எதுங்க நிஜம்?" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை. கணக்கில் நடந்த மோசடிக்கு நாங்கள் காரணமில்லை என்று சொல்லலாம், அந்தப் படிவத்துக்கு என்ன சொல்வது? வங்கியிடம் பொய் சொன்னது நாங்கள்தானே. அன்று இரவு நண்பனின் அம்மா கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "நீங்க ஏஞ்சாமி மறைச்சீங்க?"

இடைத்தரகரின் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. போன் ஸ்விட்ச் ஆஃப். கோவை சைபர் கிரைம் போலீஸில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். அவருக்கு ஃபீஸ் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இருக்கிறது. எதையும் அழிக்காமல் வைத்திருந்ததுதான் இப்போது எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி.

இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் நிதிப் புலனாய்வுப் பிரிவின் ஃபின்கேட் தளத்தில் பதிவைத் தொடங்குங்கள். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி பொறுப்பு இயக்குநர் யார், முதன்மை அதிகாரி யார் என்று முடிவு செய்து தீர்மானம் போடுங்கள். வங்கிக்குப் போகும்போது பணம் யாரிடமிருந்து வரும், எங்கே போகும், 1 சதவீத டிடிஎஸ்ஸை (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியை) எப்படிப் பிடிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கிளையில் முடியாது என்றால் காரணத்தை மெயிலில் கேளுங்கள். 2018 சுற்றறிக்கையைக் காட்டினால் 2021 கடிதத்தைக் காட்டுங்கள். 'எங்கள் கொள்கை' என்று சொன்னால் அடுத்த வங்கிக்குப் போக வேண்டியதுதான். அது வங்கியின் வணிக முடிவு, அதற்கு வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போய்ப் பயனில்லை. ஆறு மாதம் ஆனாலும் சரி, 50,000 அபராதம் கட்டினாலும் சரி, எங்களுக்குப் போனதை விட அது குறைவுதான்.

ஏற்கெனவே யாராவது ஒருவர் மூலம் கணக்கு திறந்திருந்தால், நாளைக்குக் காலையிலேயே கிளைக்குப் போய் ரெஜிஸ்டர்டு மொபைல் நம்பர், மெயில் ஐடி இரண்டும் யாருடையவை என்று பாருங்கள். மூன்று மாத ஸ்டேட்மென்ட்டையும் கையோடு வாங்கி வாருங்கள்.