ஏற்றத்தில் எந்த விசிறி? டீசல் பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில், புல்ஹெட் சிட்டியிலிருந்து 68ஆம் எண் மாநிலச் சாலையில் மேலே போகும் டேவிஸ் டேம் ஏற்றம்தான் பிக்கப் வண்டிகளுக்கு உரைகல். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 இழுவைத் தரநிலை அந்தச் சாலையை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. சுமார் 18 கி.மீ. ஏற்றம், வெளியே குறைந்தது 38 டிகிரி செல்சியஸ், ஏசி முழுவீச்சில் ஓட வேண்டும். பின்னச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் உள்ள வண்டி மணிக்கு 64 கி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் முழு டீசலைக் குடிக்கிறது, எதிர்க்காற்றோ பாதிதான். மீதிக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்துத் தரவேண்டியது விசிறி.

அந்த விசிறியை ஓட்ட மூன்று வழிகள் உண்டு: மின் மோட்டார், வெப்பத்தால் இயங்கும் விஸ்கஸ் கிளட்ச் (எஞ்சினையும் விசிறியையும் கெட்டி எண்ணெயால் இணைப்பது), கணினி கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கிளட்ச்.

மின் விசிறி: கணக்கிலேயே தோற்றுவிடுகிறது

இரட்டை மின் விசிறி ஒவ்வொன்றும் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 13.5 வோல்ட்டில் மொத்தம் 1,080 வாட், ஒன்றரைக் குதிரைத்திறன் கூட இல்லை. பெரிய பிக்கப்பில் எஞ்சினே கிளட்ச் வழியாக ஓட்டும் பெல்ட் விசிறி முழுதாகப் பிடித்தால் எஞ்சினிடமிருந்து 20 குதிரைத்திறனோ அதற்கு மேலோ வாங்கிக்கொள்ளும். அதே 15 கிலோவாட்டை மின்சாரமாகத் தர ஆல்டர்னேட்டர் 1,100 ஆம்பியர் கொடுக்க வேண்டும். பிக்கப்பில் இருப்பது பெரும்பாலும் 150 முதல் 250 ஆம்பியர் வரைதான்.

ஃபோர்டு 2018இல் எஃப்-150க்கு 3.0 லிட்டர் டீசல் கொண்டுவந்தபோது, போட்டியாளர்களைப் போல மின் விசிறி வைக்காமல் எஞ்சின் ஓட்டும் விசிறியையே வைத்தது. 11,400 பவுண்டு, அதாவது சுமார் 5,170 கிலோ இழுக்க வேண்டிய வண்டி அது. காலியாக ஊர் சுற்றும் வண்டிக்கு மின் விசிறி சரிதான். சத்தமும் குறைவு, டீசலும் கொஞ்சம் மிஞ்சும். ஐந்து டன் டிரெய்லர் மாட்டும் வண்டியில் பெல்ட் விசிறியைக் கழற்றி மின் விசிறி போடுவது வீண் செலவு.

உண்மையான போட்டி இரண்டு கிளட்சுகளுக்கு இடையில்

இரண்டிலும் உள்வேலை ஒன்றே. உள்ளே சிலிகான் எண்ணெய். எஞ்சினோடு சுற்றும் தட்டுக்கும் விசிறியைத் தாங்கும் கூட்டுக்கும் நடுவே வளைய வளையமாகக் காடிகள். வால்வு திறந்தால் எண்ணெய் காடிகளுக்குள் போய் விசிறியை இழுத்துச் சுற்றும்; மூடினால் எண்ணெய் சேமிப்பறைக்குத் திரும்பி விசிறி வழுக்கும். முழுதாகப் பிடித்தாலும் கொஞ்சம் வழுக்கல் இருந்தே தீரும். கூட்டின் மேலுள்ள துடுப்புகள் அந்தச் சூட்டை வெளியேற்றத்தான்.

வால்வை யார் திறப்பது என்பதில்தான் வேறுபாடு. 1994–2002 டாட்ஜ் ராம் கம்மின்ஸிலும் ஜிஎம்மின் முதல் தலைமுறை டியூராமேக்ஸ் டீசலிலும் முகப்பில் இருக்கும் பைமெட்டல் சுருள் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) திறக்கிறது. 2003இல் வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலிலும் அதே காலத்து காமன் ரெயில் கம்மின்ஸிலும் எஞ்சின் கணினி சோலனாய்டு என்ற மின்காந்தம் வழியாகத் திறக்கிறது.

பைமெட்டல் சுருளுக்கு எஞ்சின் சூடு தெரியாது. ரேடியேட்டரைத் தாண்டி வந்து தன் மேல் படும் காற்றின் சூடு மட்டுமே தெரியும். கூலன்ட் சூடாகி, தெர்மோஸ்டாட் விரியத் திறந்து, ரேடியேட்டர் சூடாகி, காற்று சூடாகி, சுருள் திரும்பி, எண்ணெய் நிரம்பிய பிறகுதான் விசிறி பிடிக்கும். அதற்குள் ஏற்றத்தில் நல்ல தூரம் போயிருக்கும், டாஷ்போர்டின் சூட்டு முள்ளும் மேலே ஏறியிருக்கும். ரேடியேட்டரின் நடுப்பகுதி பூச்சியாலும் தூசியாலும் அடைத்திருந்தால் இன்னும் மோசம்: காற்று தேவைப்படும் இடத்திலேயே சுருளுக்குச் சூடான காற்று வராது. ‘கிளட்ச் போச்சு’ என்று புதிது வாங்கி மாட்டியும் அதே சூடு தொடர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணினிக் கிளட்ச் அப்படிக் காத்திருக்காது. கூலன்ட் சூடு, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றின் சூடு, ஏசி அழுத்தம், பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு ஆகியவற்றைப் பார்த்து முன்கூட்டியே கட்டளை தரும். எண்ணெய் இடம் மாறச் சில நொடிகள் இதிலும் ஆகும். ஆனால் கட்டளையே முன்னதாக வருவதால் மலைச்சாலையில் இதுதான் மேல். விலையும் வயரிங்கும்தான் இதன் பலவீனம். விசிறிக்குப் பக்கத்திலேயே வயர் போகிறது. அதன் பிடிப்பு உடைந்தால் இறக்கை வயரை உரசி அறுத்துவிடும். அப்போது கணினி காட்டும் பிழைக் குறியீடுகள் பெரும்பாலும் பி0528 (வேக சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை) அல்லது பி0483 (கேட்ட வேகமும் கிடைத்த வேகமும் பொருந்தவில்லை). மின்சாரம் அறுந்தால் முழுதாகப் பிடித்துக்கொள்ளும்படி பல கிளட்சுகள் செய்யப்பட்டிருக்கும், ஆனால் எல்லாமே அப்படி என்று நம்பிப் புறப்படக் கூடாது.

சத்தத்தைப் படிப்பது

ஏற்றத்தில் ஜெட் விமானம் போல ஓலமிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, விசிறி வேலை செய்கிறது. முள் ஏறியும் சத்தமே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். காலையில் கிளப்பியதும் ஓரிரு நிமிடம் இரைவதும் இயல்பு: இரவில் எண்ணெய் காடிகளுக்குள் இறங்கியிருக்கும், சுற்றச் சுற்றத் திரும்பிப் போய்விடும்.

கணினிக் கிளட்ச் உள்ள வண்டியில், டிரெய்லர் இல்லாதபோதும் விசிறி ஓயாமல் இரைந்தால் உடனே கிளட்சைக் குறை சொல்லாதீர்கள். யாரோ கேட்டதால்தான் அது ஓடுகிறது. ஏசியில் வாயு அதிகமா, அந்த வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர் அடைப்பா என்று பாருங்கள். ஃபோர்டு 6.0இல், காலி வண்டியைச் சமதள நெடுஞ்சாலையில் ஓட்டும்போது எஞ்சின் ஆயில் கூலன்ட்டைவிட 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது. எந்த விசிறியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஓட்டுநர் கையில் உள்ள ஆயுதம் கியர். பெல்ட் விசிறியின் வேகம் நிமிடத்துக்கு 2,000லிருந்து 2,500 சுற்றுக்கு ஏறினால் காற்று 25 சதவீதம் கூடும், தண்ணீர் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். விசிறி தின்னும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப (கியூப்) ஏறுவதால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அந்த விலையைக் கொடுக்கலாம். ஒரு கியர் இறக்கி, ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்துங்கள். அப்படியும் ஏறினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறக்கவும். ஓரம் கட்டினால் உடனே எஞ்சினை அணைக்காமல், நியூட்ரலில் 1,200–1,500 சுற்றில் சில நிமிடம் ஓட விடுங்கள்.

டாஷ்போர்டு முள்ளை அதிகம் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் சூடு 15, 20 டிகிரி மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கணினியோடு இணையும் ஓபிடி கருவியில் எண்ணைப் பாருங்கள்.

சோதனை

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்த பிறகே கை வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது விசிறியைத் தள்ளிவிட்டால் பாகில் சுற்றுவது போல நின்றுவிட வேண்டும். மூன்று நான்கு சுற்று தானாக ஓடினால் எண்ணெய் போய்விட்டது. இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 6 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. முகப்பிலிருந்து சக்கர ஆரங்கள் போல வெளிநோக்கிக் கருப்பாக எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் கசிவு.

பைமெட்டலுக்கு இந்தக் கைச்சோதனைகளே பெரும்பாலும் போதும். கணினிக் கிளட்சில் இவை பாதிதான். ஸ்கேனரில் கட்டளைச் சதவீதத்தையும் விசிறி வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 90 சதவீதம் கேட்டும், எஞ்சின் 2,000 சுற்றில் நின்றும், விசிறி ஒரு நிமிடத்துக்குப் பிறகும் 700ஐத் தாண்டாவிட்டால் கிளட்ச் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது புதிய கிளட்சைப் படுக்க வைக்காதீர்கள், எண்ணெய் பேரிங் பக்கம் இறங்கும். விசிறியைச் சுற்றியுள்ள ஷ்ரவுட் என்ற உறையைத் திரும்ப மாட்டாமல் விட்டால், விசிறி வெளியே தள்ளிய சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ரேடியேட்டரை விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் இடையில் சிக்கியிருக்கும் பஞ்சும் புல்விதையும்தான் பெரும்பாலும் குற்றவாளி.

விலையைப் பார்த்து, கணினிக் கிளட்ச் இருந்த இடத்தில் பைமெட்டல் கிளட்ச் போடுபவர்கள் உண்டு. வண்டி ஓடும், ஆனால் பிழை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏசியும் கியர்பாக்ஸும் கேட்கும் காற்று கேட்ட நேரத்தில் வராது. சமவெளியில் படகு இழுப்பவர் அதோடு வாழ்ந்துவிடலாம். மலைப்பக்கம் போகிறவர் கணினிக் கிளட்சையே திரும்ப வாங்கட்டும். பைமெட்டல் வண்டி வைத்திருப்பவருக்கோ மாற்றம் எதுவும் தேவையில்லை: ரேடியேட்டர் சுத்தமாக இருக்கட்டும், கடின உழைப்புக்கென விற்கும் கிளட்ச் இருக்கட்டும், ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிடுங்கள்.