கிலுக்கு லூரா, சத்தமில்லா லூரா? டர்பன் பக்கத்து பாஸ் தூண்டிலுக்கு ஓர் அலசல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து பாஸ் மீன் பிடிக்க விடியலில் இனாண்டா அணைக்குக் கிளம்புகிறவர்களின் பெட்டியில் இரண்டு வகை லூரும் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) கிடக்கும்: உள்ளே குண்டு உருண்டு கிலுகிலுக்கும் கிலுக்கு லூர் ஒன்று, சத்தமில்லாதது ஒன்று. அன்றைக்கு எதை முதலில் கட்டுவது என்பதில்தான் தடுமாற்றம். நிறத்தையும் விலையையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

வெள்ளை லூர் ஒன்றைக் கரையோரமாக மெல்ல இறக்குங்கள். அரை மீட்டருக்குள் கண்ணுக்கு மறைந்தால் கிலுக்கு லூர். ஒன்றரை மீட்டர் போயும் தெரிந்தால் சத்தமில்லாதது. அக்டோபர் முதல் மார்ச் வரை மழை கொட்டி உம்கேனி ஆறு செம்மண்ணோடு வரும் நாட்களில் முதல் நிலை; குளிர்காலத்தில் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைகள் தெளியும்போது இரண்டாவது.

இதற்குக் காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. பாஸ் முதலில் கண்ணை நம்பும் மீன். தண்ணீர் கலங்கினால் உட்காதும், விலாவில் ஓடும் பக்கக்கோடும் கைகொடுக்கும். பக்கக்கோடு மிக அருகில் அசையும் தண்ணீரை மட்டுமே உணரும். தூரத்துச் சத்தம் காதுக்குத்தான் எட்டும். அந்தக் காதும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் கிலுக்கு லூர்களுக்குள்ளேயே தேர்வு உண்டு. பல சிறு குண்டுகள் போட்டது சலசலக்கும். ஒரே பெரிய டங்ஸ்டன் குண்டு போட்டது ‘டொக் டொக்’ என்று தட்டும். கலங்கலில் இரண்டாவதையே நம்பலாம்.

சத்தமில்லாதது என்று விற்பதும் முழு ஊமை இல்லை. மும்முள் கொக்கி உடம்பில் உரசும், வளையம் கிணுகிணுக்கும், லூர் ஆடும்போது தண்ணீர் அதிரும். பால்சா மரத்தில் செய்த கிராங்க்பெய்ட் (இழுக்கும்போது ஆடி நீந்தும் குட்டிமீன் வடிவ லூர்) இப்படித்தான் வேலை செய்கிறது. கலங்கலிலும் நாணல் ஓரமாக நெருக்கி இழுத்தால் அது மீன் பிடிக்கும்.

கிலுக்கு எங்கே கெடுக்கிறது? ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படகுகள் சுற்றிய மூலையில். அதே சத்தத்தைப் பலமுறை கேட்டு முள்ளில் மாட்டித் தப்பிய மீன், அடுத்த முறை பின்னாலேயே வந்து திரும்பிவிடும். அப்படிப் பின்தொடர்ந்து கடிக்காத மீனைக் கண்டால் வேறு நிறம் தேடாதீர்கள். அதே உருவத்தில் சத்தமில்லாததைக் கட்டி, அதே இடத்தில் பாதி வேகத்தில் இழுங்கள். காற்றில்லாத கண்ணாடித் தண்ணீருக்கும் இதுவே. காற்று எழுந்து அலை தட்டினால் மறுபடி கிலுக்குக்கு வரலாம்.

14 கிராம் லிப்லெஸ் லூர் (மூக்கடியில் தகடு இல்லாத வகை) ஒன்றை நீங்களே ஊமையாக்கலாம். குண்டு அறையின் மேல்பக்கம் 1.5 மி.மீ. துளை போட்டு, நீர்த்த சூப்பர் க்ளூ சில சொட்டு விடுங்கள். காயும்வரை லூரை நீந்தும் நிலையில், மூக்கு சற்றுக் கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும். குண்டுகள் வால் பக்கம் ஒட்டிப்போனால் லூர் வால் கீழாக மூழ்கும், ஆட்டமும் போய்விடும். துளையை எப்பாக்ஸியால் அடைத்து, மறுநாள் வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் அடைப்பு சரியில்லை. குண்டு பின்னால் ஓடித் தூரம் கொடுக்கும் வகை லூரில் இதைச் செய்தால் எறியும் தூரம் குறையும், அதைத் தொடாதீர்கள்.

ரப்பர் புழுவுக்கு நேர்மாறான வழி: கண்ணாடிக் கிலுக்குக் குழாயை வால் பக்கம் செருகினால் போதும், பிடிக்காவிட்டால் உருவி எடுத்துவிடலாம். ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரங்களில் மும்முள் லூர் எதுவானாலும் சிக்கும். அங்கே முள்ளை உடம்புக்குள் புதைத்த இந்தப் புழுதான் சரி.

இரண்டு லூருக்குத்தான் காசு என்றால், ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே ஆழத்தில் ஓடுவதாகக் கிலுக்கு ஒன்றும் ஊமை ஒன்றும் வாங்குங்கள். அப்போதுதான் மீன் மறுத்தது சத்தத்தையா வேறு எதையாவதா என்பது பிடிபடும்.