பைத்தானில் ‘இஃப்’ போட்டுப் பன்னிரண்டு வருடம்

சி என்ற நிரல் மொழியிலிருந்து பைத்தானுக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான். லிஸ்ட் காலியா என்று பார்க்க அதன் நீளத்தை எடுத்துச் சைபரோடு ஒப்பிட வேண்டாம். நிபந்தனையைச் சோதிக்கும் ‘இஃப்’ என்று எழுதி லிஸ்டின் பெயரைப் போட்டால் போதும். காலி லிஸ்ட், காலி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), காலி டிக்‌ஷனரி (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் தொகுப்பு), சைபர், ஒன்றுமில்லாததைக் குறிக்கும் ‘நன்’ எல்லாமே பொய்க் கணக்கில் சேரும், அதாவது ‘இஃப்’ அவற்றை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் மெய். படிக்கும்போது பேச்சு மாதிரியே இருக்கும்.

முதல் அடி ஒரு பில்லிங் வேலையில் விழுந்தது. தள்ளுபடி விகிதம் தரப்படாவிட்டால் 5 சதவீதம் என்று வைக்க, ‘டிஸ்கவுண்ட் ஆர் 5’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். பைத்தானின் ‘ஆர்’ மெய்யா பொய்யா என்று மட்டும் சொல்லாது. இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்க மதிப்பையே எடுத்துக் கொடுத்துவிடும். ‘இவருக்குத் தள்ளுபடி கிடையாது’ என்று கணக்குப் பிரிவு 0 போட்ட வாடிக்கையாளர்களுக்கெல்லாம் 5 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்து ‘பாயசம் வேண்டாம்’ என்பவரும் பந்திக்கே வராதவரும் ஒன்றா? என் கோடுக்கு ஒன்றுதான்.

அடுத்தது இன்னும் விநோதம். ஷிஃப்ட் பட்டியல் ஒன்றில் இரவு 12 மணிக்குத் தொடங்கும் ஷிஃப்டை மட்டும் சிஸ்டம் ஏற்கவில்லை, ‘தொடக்க நேரம் தரவும்’ என்றே அடம்பிடித்தது. இரண்டு நாள் ஃபார்மைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், அப்போது நாங்கள் ஓட்டிய 2.7 பதிப்பில் நள்ளிரவு என்ற நேர மதிப்பே பொய்! 3.5 பதிப்பில்தான் இதைத் திருத்தினார்கள். அதுவரை இது பக் இல்லை, ஆவணத்திலேயே எழுதிவைத்த நடத்தை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சர்வர் செட்டிங்கில் ‘ஃபால்ஸ்’ (பொய்) என்று எழுதிவைத்தும், பிழை தேட உதவும் டீபக் மோட் அணையாத கதையைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள். அந்த செட்டிங்கைக் கொண்டுவரும் என்விரான்மென்ட் வேரியபிளில் வருவது ஸ்ட்ரிங். அதில் ஐந்து எழுத்து இருக்கிறது, காலி இல்லை, ஆகவே மெய்.

இவ்வளவு திட்டினாலும் விட மனமில்லை. 2002இல் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் பரிந்துரைத்துத்தான், மெய், பொய் என்று இரண்டே மதிப்புள்ள தனி பூலியன் வகையே அதற்கு வந்தது. அதற்கு முன் 1, 0 வைத்துத்தான் பிழைப்பு. பழைய கோட் உடையக்கூடாது என்று அதை முழு எண்ணின் துணைவகையாக வைத்தார்கள். அதனால் மெய்யும் மெய்யும் கூட்டினால் 2. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நூறு வரியில் எத்தனை தேறின என்று எண்ண, கூட்டிச் சொல்லும் ஒரு ‘சம்’ போதும். தினமும் பயன்படுத்துகிறேன். டிக்‌ஷனரியில் 1, ‘ட்ரூ’ (மெய்) இரண்டையும் சாவியாக வைக்காதவரை தொல்லையில்லை. வைத்தால் ஒன்று மற்றதன் மதிப்பை அழித்துவிடும்.

எண் கணக்குக்கான பைத்தான் நூலகமான நம்பையின் போக்கு வேறு. பல உறுப்புள்ள அரேயை (எண் வரிசையை) ‘இஃப்’பில் வைத்தால், எதைக் கேட்கிறாய், எல்லாமா, ஏதாவது ஒன்றா என்று பிழை எறியும். ஆரம்பத்தில் கடுப்பாக இருந்தது. இப்போது அதுதான் நியாயம் என்று படுகிறது. ரூபி மொழியில் ‘நில்’ (அங்கே ‘நன்’னுக்கு இணை), ‘ஃபால்ஸ்’ இரண்டு மட்டுமே பொய், சைபர்கூட மெய். கோ மொழியில் பூலியன் அல்லாத எதையும் ‘இஃப்’பில் வைக்கவே முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் காலி அரே மெய். அங்கே போய்வரும் நாட்களில் கை தடுமாறும்.

இப்போதெல்லாம் லிஸ்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் மட்டும் வெறும் ‘இஃப்’. எண்ணோ நேரமோ வந்தால் ‘ஈஸ் நாட் நன்’ (‘நன்’ இல்லைதானே) என்று முழுசாக எழுதுகிறேன். ரிவ்யூவுக்கு வரும் ஜூனியர்களிடமும் இதையே கேட்கிறேன், ‘அண்ணா ஆரம்பிச்சுட்டார்’ என்று சிரிப்பார்கள்.

சென்ற வருடம் 3.12க்கு மாறியபோது டெஸ்ட் ஓட்டத்தில் எச்சரிக்கைகள் கொட்டின. எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தரவை அடுக்கும் வடிவம்) உறுப்பை அப்படியே ‘இஃப்’பில் சோதிக்காதே என்று. உள்ளே எழுத்து இருந்தாலும் பிள்ளை உறுப்பு இல்லையென்றால் அது பொய்யாம். யார் எழுதியது என்று, கோட் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் தேடிப் பார்த்தேன். வரிசையாக என் பெயர்.