தனி அறையா, பக்கத்தில் ஓர் உதவியாளரா, பாடத்தையே மாற்றுவதா?

ஒரு கணக்கு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது, அதில் பாதியை எடுத்தால் மீதி எவ்வளவு என்று கேள்வி. ஒரு பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேள்வியை யாராவது வாய்விட்டு வாசித்தால் உடனே விடை சொல்லிவிடுவான். அவனுக்குப் பின்னம் வரும், வாசிப்புதான் வராது. அடுத்த பெஞ்சுச் சிறுமி கேள்வியைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். மூன்றில் இரண்டு என்றால் என்னவென்றுதான் பிடிபடவில்லை. இன்னொருத்திக்குக் காது சரியாகக் கேட்காது. ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசிய அரை நிமிடம் அவளுக்குப் போயே போச்சு. மூவரையும் ‘மெல்லக் கற்பவர்கள்’ என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறோம். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இவர்களுக்காகப் பள்ளிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன: தனியே அழைத்துப்போய்ச் சொல்லித்தருவது, வகுப்பிலேயே பக்கத்தில் ஓர் உதவியாளரை உட்காரவைப்பது, பாடம் நடத்தும் விதத்தையே மாற்றுவது.

தனி அறைக்கு இன்று நல்ல பெயர் இல்லை. 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் குழந்தைகளும் பொதுப்பள்ளியில் சேர்ந்து படிக்கவேண்டும் என்று அறிவித்தபிறகு, பிரித்துவைப்பது என்றாலே கூச்சம் வந்துவிட்டது. அந்த அறிவிப்பு மிகவும் சரியானது. ஆனாலும் ஒரு விஷயத்தில் தனி நேரத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதில் சிரமம் உள்ள குழந்தைக்கு எழுத்தையும் ஒலியையும் இணைக்கப் படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரவேண்டும். மூன்று நான்கு பேர் கொண்ட குழுவில், தினமும் அரை மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர். 40 பேர் உள்ள வகுப்பின் நடுவில் அது நடக்காது.

இந்தத் தனி நேரம் கெட்டுப்போவது எங்கே என்றால், எப்போது முடியும் என்று யாருமே கேட்காமல் விடுவதில்தான். பன்னிரண்டு வாரம் என்று தொடங்கியது மூன்று வருடம் ஓடுகிறது. அந்த நேரத்தில் வகுப்பில் நடந்த அறிவியல் பாடம் தனி அறைக்குப் போன பையனுக்குக் கிடைக்கவில்லை; ஆக வாசிப்போடு அறிவியலிலும் பின்தங்குகிறான். அதைத் தவிர்க்க ஓவிய வகுப்பிலிருந்து கூப்பிடுகிறார்கள். அவன் நன்றாகச் செய்வதே ஓவியம் மட்டும்தான் என்றால், அதைப் பறிப்பது கொடுமை.

உதவியாளர் என்பது பெற்றோருக்கு மிகவும் ஆறுதல் தரும் ஏற்பாடு. ஆள் ஒருவர் கூடவே இருக்கிறார், பிள்ளை தனியாக விடப்படவில்லை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்வி ஆய்வாளர் பீட்டர் பிளாட்ச்போர்டு குழுவினர் நடத்தி 2009-ல் வெளியான பெரிய ஆய்வு எல்லோரையும் திடுக்கிடவைத்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள், அதே நிலையில் இருந்து குறைவாகத் துணை பெற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். பிரச்சினை அதிகம் உள்ளவர்களுக்குத்தானே அதிக உதவி தருவார்கள், அதனால் அப்படித் தெரிகிறதோ என்று கேட்கலாம். தொடக்க மதிப்பெண்ணையும் சிறப்புத் தேவையையும் கணக்கில் எடுத்த பிறகும் முடிவு அதுதான்.

காரணத்தை வகுப்பில் நின்று பார்த்தாலே புரியும். உதவியாளர் பக்கத்தில் இருந்தால் ஆசிரியரின் கண் வேறு பக்கம் போய்விடுகிறது. ‘அவனை அவர் பார்த்துக்கொள்வார்.’ பக்கத்தில் இருப்பவரோ வேலையை முடிக்கவைக்கவே பார்ப்பார். குழந்தை யோசித்துத் தடுமாறும் அந்த ஐந்து விநாடி மௌனத்தை அவரால் தாங்கமுடியாது, விடையைச் சொல்லிவிடுவார். நோட்டு நிரம்பும், தலைக்குள் எதுவும் போயிருக்காது. கூடவே ஒரு பெரியவர் ஒட்டிக்கொண்டிருந்தால் மற்ற பிள்ளைகளும் நெருங்கமாட்டார்கள். உதவியாளர்களை இதில் குறை சொல்வது நியாயமே இல்லை. பாடம் என்னவென்று வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் பல பேருக்குத் தெரிகிறது. பயிற்சி கொடுத்து, குறிப்பிட்ட ஒரு திறனுக்கு, குறுகிய நேர அமர்வுகளை அவர்களிடம் ஒப்படைத்தபோது நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

உடல்ரீதியான உதவி தேவைப்படும் குழந்தையையும், சைகை மொழி பெயர்ப்பாளர் தேவைப்படும் குழந்தையையும் இந்த ஒப்பீட்டுக்குள் இழுக்கக்கூடாது. அவர்களுக்கு அந்த ஆள் பள்ளிக்குள் நுழையும் வாசல்.

சரி, மூன்றாவது வழிக்கு வருவோம். இதற்குள்ளேயே இரண்டு அணுகுமுறைகள் உண்டு. ஒன்று, மாணவருக்கு ஏற்றபடி பாடத்தைப் பிரித்துத் தருவது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று பணித்தாள்கள். இதில் ஆசிரியருக்கு வேலை மூன்று மடங்கு என்பதைக்கூடப் பொறுக்கலாம். எளிய தாள் வாங்கும் குழந்தைக்கு அடுத்த வாரமும் எளிய தாளே வருவதுதான் பெரிய ஆபத்து. தொட்டிக் கணக்கில் வாசிப்பு மட்டும் வராத அந்தப் பையனுக்கு எளிய பின்னம் தருவது அவனை அவமதிப்பது. திறமைவாரியாக வகுப்பையே பிரிப்பதும் இதே குறைதான், இன்னும் பெரிதாக.

மற்றொன்று அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு. வேர் கட்டடக்கலையில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த ரொனால்ட் மேஸ் என்ற கட்டடக் கலைஞர், கட்டி முடித்த பிறகு சாய்தளம் ஒட்டுவதைவிட, வரைபடத்திலேயே எல்லோரையும் மனதில் வைக்கவேண்டும் என்றார். 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் (CAST) என்ற கல்வி ஆய்வு அமைப்பு அதைப் பாடத்திட்டத்துக்குக் கொண்டுவந்தது. நம் தொட்டிக் கணக்கில் இது எப்படி இருக்கும்? கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. ஆசிரியர் மாணவர்களைப் பார்த்து நின்று அதை வாசிக்கிறார். பலகையில் தொட்டியின் படம், கையில் மடித்துப் பார்க்க ஒரு காகிதத் துண்டு. விடையை எழுதலாம், வரையலாம், சொல்லலாம். மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று தடைகள் ஒரே அசைவில் விலகுகின்றன.

இங்கே ஒரு குழப்பம் புகுந்துவிடும். ‘இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்’ என்று முத்திரை குத்தி, அந்தந்த வழியில் மட்டும் பாடம் தருவது. 2008-ல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பொருத்துவதால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். படமும் காகிதமும் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

எதைத் தளர்த்தலாம் என்பதிலும் கவனம் வேண்டும். கணக்குத் தேர்வில் கேள்வியை வாசித்துக்காட்டினால் கணக்கு அப்படியே இருக்கிறது. வாசிப்புத் தேர்வில் வாசித்துக்காட்டினால் தேர்வே போய்விடுகிறது.

என் வாக்கு இந்த வடிவமைப்புக்குத்தான். ஆனால் இதன் முழுத் தொகுப்புக்கும் உள்ள சான்று, அதன் புகழ் அளவுக்குக் கனமானதில்லை. அப்புறம், எவ்வளவு நன்றாக வடிவமைத்தாலும் அது அந்தப் பையனுக்கு வாசிக்கக் கற்றுத்தராது, தடையைச் சுற்றிப் போகத்தான் வழி செய்யும். ஆகவே ஒரு சிறப்பு ஆசிரியரும் ஓர் உதவியாளரும் கிடைத்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: பாடம் முதலில் எல்லோருக்குமாகத் திட்டமிடப்படும். சிறப்பு ஆசிரியர் தினமும் அரை மணி, வாசிப்புக்கு மட்டும், பன்னிரண்டு வாரம். முதல் நாளே ஓர் அளவீடு, கடைசி நாள் மறுபடி அதே அளவீடு. உதவியாளர் வகுப்பில் மற்ற பிள்ளைகளின் வேலையைச் சுற்றிப் பார்க்க, அந்த நேரத்தில் அந்தப் பையன் பக்கத்தில் போய் உட்காரவேண்டியவர் வகுப்பு ஆசிரியர்.