சம்மனுக்குக் கடிதம் எழுதித் தரும் புரோக்கர்: பினாங்கு மக்கள் கவனத்துக்கு

ஜெலுத்தோங்கில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனைச் சட்டப் புரோக்கர் ஒருவர் ஏமாற்றிவிட்டார். பெயரை இங்கே எழுதவில்லை. போலீஸ் புகாரில் இருக்கிறது.

சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி, 38,000 ரிங்கிட் பாக்கி என்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்தச் சரக்கில் பாதிக்கு மேல் கீறலும் வளைவுமாக வந்து, வந்த லாரியிலேயே திரும்பிப் போனது. லாரி ஓட்டுநர் கையெழுத்துப் போட்ட சீட்டுகளும் உண்டு. ஆக, அண்ணன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் சம்மன் முழுக்கச் சட்ட மலாய். யாரோ கைகாட்டிய புரோக்கரிடம் போனார். முன்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவராம். “பதிலை நான் போட்டுவிடுகிறேன், நீங்கள் கோர்ட்டுப் பக்கமே வர வேண்டாம் அண்ணே” என்று 1,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டார்.

அவர் போட்ட பதில், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு பக்கக் கடிதம். ‘கோரிக்கைகள் அனைத்தையும் மறுக்கிறோம்’ என்று ஒரே வரி. கீழே தராசுப் படம் போட்ட ரப்பர் முத்திரை. தராசைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது!

வழக்குக்கு முன் வரும் நோட்டீசுக்குக் கடிதத்தில் பதில் எழுதலாம். சம்மனுக்கு நீதிமன்றத்தில்தான் பதில் பதிவாக வேண்டும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, சம்மன் கிடைத்த 14 நாட்களுக்குள் ‘மெமோராண்டும் கெஹாடிரான்’, அதாவது வழக்கில் ஆஜராகிறேன் என்று தெரிவிக்கும் படிவம், பதிவு செய்ய வேண்டும். வழக்குத் தொடுத்தவர் என்ன கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்று சொல்லும் கோரிக்கை அறிக்கையும் சம்மனோடு வந்திருந்தால், அந்தக் கெடு முடிந்து அடுத்த 14 நாட்களுக்குள் தற்காப்பு வாதம். அதிலும் ‘எல்லாம் பொய்’ என்று மொத்தமாக மறுத்தால் எடுபடாது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். புரோக்கரின் கடிதத்தில் திருப்பி அனுப்பிய சரக்கைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. அதை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அண்ணன் கேட்கும்போதெல்லாம் “தேதி வரும்” என்றார். வந்தது தீர்ப்பு. ஆஜராகவில்லை என்பதால் முழுத் தொகையும் வழக்குச் செலவும் அண்ணன் தலையில். அப்போதும் அந்த மனிதர் கூசாமல், “மேல்முறையீட்டுக்கு இன்னும் ஆயிரம் கொடுங்கள்” என்றார்.

இதற்கு மேல்முறையீடே தேவையில்லை என்று பிறகு அமர்த்திய வழக்கறிஞர் சொன்னார். தீர்ப்பு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வாதாடத் தக்க விஷயம் உண்டு என்று காட்ட வேண்டும். லாரிச் சீட்டுகளை இணைத்து அவர் விண்ணப்பித்திருக்கிறார். விசாரணை இன்னும் வரவில்லை.

வழக்கறிஞர் அல்லாதவர் வழக்கறிஞராகச் செயல்படுவது 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொழில் சட்டப்படி குற்றம். ஒருவர் உண்மையில் வழக்கறிஞர்தானா என்று மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதில் போட்டாகிவிட்டது என்று யார் சொன்னாலும், வழக்கு எண்ணும் பதிவான தேதியும் உள்ள நீதிமன்றப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் ரசீதோடு போலீசில் புகார் கொடுங்கள். ரசீதில் ‘தட்டச்சுக் கட்டணம்’ என்றுதான் எழுதியிருப்பார். அண்ணனுடையதிலும் அப்படித்தான் இருந்தது, புகாரை எடுத்துக்கொண்டார்கள்.