மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு: பாஸ்வேர்டு ஹாஷ் எங்கே உடையும்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கான எடைமேடை, பில்லிங் மென்பொருளை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றி, சில சீசன் ஓட்டிப் பார்த்தாயிற்று. பாஸ்வேர்டு விஷயத்தில் எங்கள் முடிவு: ஹாஷை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சேமிக்கும், அதிலிருந்து கணக்கிட்ட எழுத்துத்தொடர்) தொடாதீர்கள், இருக்கிறபடியே கொண்டுபோங்கள். எல்லாருக்கும் புது பாஸ்வேர்டு கொடுத்துவிடலாம் என்பார்கள். லாரி வரிசைகட்டி நிற்கும் ஜூன் மாதத்தில், ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும் எடைமேடையில் அதைச் செய்துபாருங்கள், தெரியும்.

பிகிரிப்ட் என்ற முறை தரும் ஹாஷ் சரியாக 60 எழுத்து. முதல் 7 எழுத்தில் வகையும் காஸ்ட் எண்ணும் (கணக்கீடு எவ்வளவு கடினம் என்பது), அடுத்த 22 சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எழுத்துகள்), மீதி 31 கணக்கிட்ட ஹாஷ். சால்ட்டுக்குத் தனி ஃபீல்டு தேவையில்லை. எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை என்றால் சால்ட் ஃபீல்டையும், கான்ஃபிக் கோப்பில் ரகசியச் சொல் இருந்தால் அதையும் மறக்காமல் எடுக்கவும்.

ஹாஷ் ஃபீல்டு வார்ச்சார் 255 (255 எழுத்து வரை, நீளம் மாறலாம்) இருக்கட்டும், நாளை ஆர்கான்2 என்ற வேறு ஹாஷ் முறைக்குப் போனாலும் தாங்கும். நீளம் மாறாத சார் 255 வகை வேண்டாம். போஸ்ட்கிரெஸ் மீதி இடத்தை ஸ்பேஸால் நிரப்பித் தரும், லாகின் தோற்கும்.

உண்மையில் அதிகம் படுத்துவது ஹாஷ் அல்ல, யூசர்நேம். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது; போஸ்ட்கிரெஸ் பார்க்கும். முதல் எழுத்தைப் பெரிதாக அடித்துப் பழகியவருக்கு 'பாஸ்வேர்டு தவறு' என்றே வரும், பழி ஹாஷ் மேல் விழும். எல்லா யூசர்நேமையும் சின்ன எழுத்தாக்கி, சின்ன எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷன் மேல், ஒரே பெயர் இருமுறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் போட்டு, தேடும் குவெரியிலும் லோயர் சேர்த்தால் தீர்ந்தது.

ஒரே ஒரு கணக்கைக் கையால் சரிசெய்யும்போது, டெர்மினலில் இரட்டை மேற்கோளுக்குள் ஹாஷை ஒட்டக் கூடாது. ஹாஷில் வரும் டாலர் குறியையும் அதையடுத்த எழுத்துகளையும் ஷெல் தன் மாறி என்று விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோள் போதும்.

பிஎச்பி மொழி தரும் பிகிரிப்ட் ஹாஷ், டாலர் குறியை அடுத்து 2ஒய் என்று தொடங்கும். வேறு மொழியின் சில லைப்ரரிகள் அதை ஏற்காது. அங்கே ஒய்யைப் பி ஆக்கினால் போதும், கணக்கீடு ஒன்றேதான்.

மாற்றியதும் ஹாஷ் நீளவாரியாக எண்ணிக்கை எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிடவும். பாஸ்வேர்டு தெரிந்த சோதனைக் கணக்கை முன்பே வைத்திருந்து, அதில் நுழைந்து பார்க்கவும். பழைய எம்டி5 கணக்குகளுக்கு, அவரவர் அடுத்து லாகின் செய்யும்போது பிகிரிப்ட் ஹாஷ் எழுதிக்கொள்ளலாம்.

டம்ப் கோப்பை (மாற்றுவதற்காக எடுத்த டேட்டாபேஸ் நகல்) டவுன்லோடு ஃபோல்டரிலும் பென்டிரைவிலும் விட்டுவைக்காமல் அழித்துவிடுங்கள். அத்தனை ஹாஷும் அதில்தான் கிடக்கிறது.